திங்கட்கிழமைக் கட்டு

என் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன வருடம் அவள் தொலைத்த சாமான்களைச் சொல்லி மாளாது. பென்சில், ரப்பர், ஷார்ப்னர் எல்லாம் கணக்கிலேயே சேராது; அவை தொலையத்தான் பிறந்தவை. தண்ணீர் பாட்டில் போனது. டிபன் பாக்ஸின் மூடி போனது, பாக்ஸ் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு வீடு வந்தது. ஒரு மழை நாளில் ஒற்றை ஷூவோடு வேனிலிருந்து இறங்கினாள். "இன்னொன்னு எங்கட்டி?" என்று கேட்டேன். குனிந்து காலைப் பார்த்தாள். தனக்கே இப்போதுதான் தெரிகிறது என்பதுபோல என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மாதிரி நேரத்தில் சில தகப்பன்மாருக்குச் சிரிப்பு வரும். எனக்குக் கோபம்தான் வரும். மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு திரிகிற ஆள் என்று என் மனைவி என்னைச் சொல்வாள், அதில் பொய் இல்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் பிழைப்பதே ஒழுங்கை வைத்துத்தான். வீடு ராஜபாளையத்தில், வேலை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு ரெக்கார்டு ரூமில். முடிந்த வழக்குகளின் காகிதங்களைக் கட்டாகக் கட்டி, சீட்டு ஒட்டி, அலமாரியில் ஏற்ற வேண்டும். யாராவது நகல் கேட்டு வந்தால் இறக்கிக் கொடுக்க வேண்டும். எந்தக் காலத்துக் கட்டைக் கேட்டாலும் டீ ஆறுவதற்குள் கொண்டுவந்து மேஜையில் போடுவேன் என்று வக்கீல் குமாஸ்தாக்கள் மத்தியில் எனக்கொரு பெயர் உண்டு. என் மனைவிக்குச் சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை, பேக்கிங் செக்‌ஷன். காயத்துக்குச் சுற்றுகிற துணியை மடித்து, சரிபார்த்து, கவரில் போட்டு ஒட்டுவாள். ஆக, கட்டியும் மடித்தும் சம்பாதிக்கிற இரண்டு பேருக்குப் பிறந்த பிள்ளைக்குத் தன் புத்தகப் பையை அடுக்கத் தெரியவில்லை. ஊர் சிரிக்காதா என்று நான் பொருமுவேன். ஊருக்கு வேற வேலை இருக்கு என்பாள் மனைவி.

போதாக்குறைக்கு என் மகன். அக்காவுக்கு ஒரு வயது இளையவன், அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அவனுக்கு நாங்கள் யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. வந்ததும் ஷூவைக் கழற்றி, சாக்ஸைச் சுருட்டி, வலதுக்குள் வலது, இடதுக்குள் இடது என்று வைப்பான். மறுநாள் டைம்டேபிளைப் பார்த்துப் புத்தகங்களை உயரவாரியாக அடுக்குவான். நான் வாயைத் திறந்தால் "தம்பியப் பாரு" என்றுதான் ஆரம்பிப்பேன். அப்போது என் மகள் தம்பியைப் பார்ப்பாள், நான் சொன்னேன் என்பதற்காகவே, கொஞ்ச நேரம் நன்றாகப் பார்ப்பாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மந்தமான பிள்ளை என்று யாரும் அவளைச் சொல்ல முடியாது. கதை சொன்னால் கண்ணை எடுக்காமல் கேட்பாள், ஒரு மாதம் கழித்து வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்வாள். தெருவில் எந்த வீட்டு நாய் எந்த வீட்டு நாயோடு சண்டை என்று அவளிடம் கேட்டால் போதும். பைக்குள் போகிற சாமான்கள்தான் அவள் கையில் நிற்பதில்லை.

காலாண்டு லீவு முடிந்து கொஞ்ச நாளில் வகுப்பு டீச்சர் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். சின்ன வயதுப் பெண், வகுப்பு நிறையப் பிள்ளைகள், தொண்டை கட்டியிருந்தது. குற்றம் சொல்கிற தோரணையே அவரிடம் இல்லை, அதனால் எனக்குச் சண்டை போடவும் வழியில்லை. "சார், மத்த பிள்ளைங்க எழுதி முடிச்சிடுறாங்க, இவ நோட்டைத் தேடியே முடிக்க மாட்டேங்குறா. நோட்டு இல்லாத பிள்ளைங்கள வராண்டால நிக்க வைக்கச் சொல்லி ஆர்டர். பாதி நாள் வெளியதான் நிக்கிறா. அரையாண்டுக்குள்ள நோட்டெல்லாம் முழுசா ஆகலைன்னா, ரெண்டாங்கிளாஸ்ல உக்கார வைக்கலாம்னு மேல சொல்றாங்க. பேருக்கு மூணாங்கிளாஸ்தான், உக்கார்றது மட்டும் அங்க" என்றார்.

இரண்டாம் வகுப்புக்கு அந்தப் பள்ளியில் ஒரே செக்‌ஷன்தான். என் மகன் இருக்கிற வகுப்பு.

வீட்டுக்கு வரும்போது பைக்கில் முன்னால் உட்கார்ந்திருந்த என் மகள், பஞ்சு மார்க்கெட் தாண்டியதும் தலையைத் திருப்பாமலே கேட்டாள். "அத்தா, தம்பி கிளாஸ்லயா?"

"நீ ஒழுங்கா இருந்தா ஏன் போகப் போற?"

"போனா, தம்பி பக்கத்துலயா உக்காரணும்?"

பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி என் முதுகில் கையை வைத்து அழுத்தினாள். பேசாதே என்று அர்த்தம். மகளின் இரட்டைச் சடை காற்றில் என் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. அவளை அந்த வகுப்புக்குப் போக விடக்கூடாது என்று வண்டியை ஓட்டிக்கொண்டே தீர்மானம் செய்தேன். தீர்மானம் செய்வதில் நான் கில்லாடி.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பழைய அலமாரியைத் துடைத்து அவளுக்கென்று கொடுத்தேன். தட்டுக்குத் தட்டு சீட்டு ஒட்டினேன். தமிழ், கணக்கு, இங்கிலீஷ் என்று என் ஆபீஸ் கையெழுத்தில் எழுதினேன். கதவின் உட்புறம் டைம்டேபிள். பையில் எந்த அறையில் எது என்று படம் போட்டு ஒட்டினேன். அவளுக்கு அலமாரி ரொம்பப் பிடித்துப் போனது. மூன்றாம் நாள் திறந்து பார்த்தால், தமிழ்த் தட்டில் ஒரு பொம்மை தூங்குகிறது, கணக்குத் தட்டில் அதற்குத் தலையணை. புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. "அது பொம்ம வீடு இல்லட்டி" என்று கத்தினேன். பயந்துபோய்ப் பொம்மையை எடுத்தாள். அதற்குப் பிறகு அலமாரிப் பக்கமே போகவில்லை. தட்டுகள் காலியாக, சுத்தமாக இருந்தன.

நட்சத்திரம் ஒட்டிப் பார்த்தோம். பையைச் சரியாக அடுக்கினால் ஒரு நட்சத்திரம், ஏழு சேர்ந்தால் ஐஸ்கிரீம். நட்சத்திர அட்டையையே தொலைத்தாள். மனைவி செல்லமாகச் சொல்லிப் பார்த்தாள். காலை ஏழு மணிக்கெல்லாம் கம்பெனி வேன் அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும், எனக்கும் எட்டேகாலுக்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். செல்லத்துக்கு நேரம் போதாது. என் கத்தலுக்கு எப்படியோ நேரம் கிடைத்தது. கத்தக் கத்த அவள் கை நடுங்கும், நடுங்க நடுங்க இன்னும் இரண்டு கீழே விழும். விழுகிறதைப் பார்த்து மறுபடி கத்துவேன். இது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவள் பள்ளிவாசலுக்கு ஓதக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஓதுகிற புத்தகத்தை வைக்க அதற்கென்று ஒரு சின்னத் துணிப்பை உண்டு. சட்டென்று உறைத்தது, இந்தப் பையை இவள் ஒரு நாளும் தொலைத்ததில்லை.

"ஏட்டி, இது மட்டும் எப்படித் தொலையாம இருக்கு?"

இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தாள். "இதுல ஒண்ணுதான அத்தா இருக்கு."

எனக்கு மூளையில் பல்பு எரிந்தது. ஒன்றாக இருந்தால் தொலைக்க மாட்டாள். அப்படியானால் எல்லாவற்றையும் ஒன்றாக ஆக்கிவிட வேண்டியதுதானே? அதைத்தானே நான் இத்தனை வருடமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் செய்துகொண்டிருக்கிறேன்? சிதறிப்போகிற ஆயிரம் காகிதத்தை ஒரே சாமானாக ஆக்குவது. இவ்வளவு நாள் தோன்றாமல் போயிற்றே என்று என்னையே திட்டிக்கொண்டு கடைக்குப் போய்ச் சிவப்பு நாடா ஒரு சுருள் வாங்கினேன். சொந்தக் காசில் வாங்கினேன், ஆபீஸ் நாடா என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எங்கள் ரெக்கார்டு ரூமுக்கென்று ஒரு முடிச்சு உண்டு. நாடாவைக் குறுக்கிலும் நெடுக்கிலும் சுற்றி முடிச்சுப் போட்டு, மிச்ச நுனியை முடிச்சுக்கு அடியிலேயே செருகிவிடுவோம். நுனி வெளியே தெரியாது. விஷயம் தெரிந்தவன் அதை நகத்தால் தேடி ஒரு இழுப்பு இழுத்தால் கட்டு திறந்துகொள்ளும். தெரியாதவன் பிடுங்கப் பிடுங்க இறுகும். திறந்த கட்டை எவனாவது கண்டபடி திரும்பக் கட்டி வைத்தால் பார்த்த மாத்திரத்தில் எங்களுக்குத் தெரிந்துவிடும். காகிதத்தை யாரும் இடையில் உருவிவிடக் கூடாது என்பதற்காக எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஏற்படுத்திய பழக்கம். சேர்ந்த புதிதில் அந்த முடிச்சு என் கைக்கு வர ஒரு மாதம் ஆனது.

அந்த முடிச்சை என் மகளின் கட்டுக்குப் போட்டேன். ஞாயிறு சாயங்காலமே திங்கட்கிழமைக் கட்டு தயார். அன்றைய பாடப் புத்தகங்கள், நோட்டுகள், மேலே டைரி, பென்சில் டப்பா, எல்லாம் ஒரே கட்டு. ஒரு சீட்டில் 'திங்கள்' என்று எழுதிச் செருகினேன். அவளை உட்கார வைத்து நுனியை எப்படித் தேடி இழுப்பது என்று காட்டினேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அம்புட்டுத்தான். அவுக்குறது லேசு. ஆனா வேல முடிஞ்சதும் திரும்ப இதே மாதிரி கட்டி எடுத்துட்டு வரணும். கண்டபடி கட்டுனா அத்தாவுக்குத் தெரிஞ்சுரும். சரியா?"

தலையை ஆட்டினாள். கட்டுவதை அவளுக்கு இரண்டு முறை காட்டினேன். மூன்றாவது முறை அவள் கட்டினாள், நாடா வழுக்கிக்கொண்டு போனது. பழகப் பழக வரும் என்று சொல்லிவிட்டு நானே கட்டிப் பையில் வைத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பையைத் திறந்தேன். கட்டு இருந்தது. நான்கு மூலையும் ஒட்டி, நாடா இறுகி, நுனி உள்ளே செருகி, நான் கட்டியது போலவே இருந்தது. என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினேன். "எம் மக கட்டிருக்கா பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று இரவே அதைப் பிரித்து, செவ்வாய்க் கட்டையும் நானே கட்டி வைத்தேன். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. தொலைந்தது என்று ஒரு சாமான் கிடையாது. நான் சீவி வைத்த பென்சிலின் கூர்கூட மழுங்காமல் திரும்பி வந்தது. பிள்ளை பென்சிலை அழுத்தி எழுதாமல் பாங்காக எழுதப் பழகிவிட்டாள் என்று நினைத்தேன்.

ஆபீஸில் சொல்லாமல் இருக்க முடியுமா? பக்கத்து மேஜைக்காரரிடம் அளந்தேன். பிள்ளைகளுக்கு ஒழுங்கு வரவில்லை என்றால் அது பெற்றவர்கள் குறை, சொல்லித்தருகிற முறையில் சொல்லித்தந்தால் வராமல் எங்கே போகும் என்று பிரசங்கமே செய்தேன். அன்று பஸ் ஏறுவதற்கு முன் பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். சூடு குறையாத பால்கோவா. மகன் வழித்து வழித்துத் தின்றான். மகள் விரல் நுனியில் தொட்டு நக்கிவிட்டு, "நாளைக்குத் தின்னுக்கிடுதேன்" என்று எழுந்து போனாள். பால்கோவா என்றால் உயிரை விடுகிற பிள்ளை.

மனைவிக்குத்தான் உறுத்தியது. "என்னங்க, பத்து நாளாச்சு. ஒரு ஹோம்வொர்க்கூடவா குடுக்காம இருப்பாங்க?"

"கேட்டேன், இல்லைன்னுட்டா."

"அது எப்படிங்க? தம்பிக்குத் தெனமும் குடுக்காங்க."

"இப்பத்தான் ஒழுங்கா கட்டிக் கொண்டு வருது. அதுலயும் நொட்ட சொல்லணுமா?" என்று எரிந்து விழுந்தேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் முற்பகலில் மேஜையில் இருந்த என் போன் விடாமல் அதிர்ந்தது. டீச்சர். பல தடவை கூப்பிட்டாராம். கோர்ட்டு நேரத்தில் என் போன் சத்தம் போடாது, என் மனைவியின் போன் கம்பெனி லாக்கரில் கிடக்கும். "இன்னைக்கே வர முடியுமா சார்?" என்றார். பெர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ் அன்றைக்கென்று பார்த்து ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நின்று போனது.

நான் போனபோது மகள் வராண்டாவில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கட்டு. குழந்தையை வைத்திருப்பது போல் நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கட்டைத் திருப்பி முடிச்சை என் பக்கமாகக் காட்டினாள். எதற்குக் காட்டுகிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

டீச்சர் வெளியே வந்தார். "இதென்ன சார் இது? நோட்டு எடுன்னா கட்டைத்தான் எடுத்து வைக்கிறா. அவுருன்னா மாட்டேங்குறா. நான் அவுக்கப் போனா மேல படுத்துக்கிட்டு அழுவுறா. உங்களுக்கு எழுதி அனுப்பலாம்னா டைரியும் இதுக்குள்ள இருக்கு. தனித்தாள் குடுத்தா வாங்க மாட்டேங்குறா. ரெண்டு வாரமா ஒரு எழுத்து எழுதல சார்."

நான் கட்டை வாங்கி, நுனியை இழுத்து, முதல் நோட்டைப் பிரித்தேன். பழைய பக்கங்களுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. வெள்ளையாக, மடிப்புக்கூட விழாமல் இருந்தது. கட்டை மகள் அங்கே திறந்ததே இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமை கட்டியது திங்கட்கிழமை சாயங்காலம் என்னிடமே வந்திருக்கிறது. என் முடிச்சைப் பார்த்துத்தான் நான் அவளைத் தூக்கிச் சுற்றியிருக்கிறேன்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்துப் பிள்ளைகள் ஓடினார்கள். என் மகன் வரிசையிலிருந்து விலகி எங்களிடம் வந்தான். "அக்கா தெனமும் இங்கதான் நிக்கும். வீட்டுல சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு" என்றான். சத்தியத்தை மீறிவிட்டோமே என்று அவனுக்கு அழுகை வந்தது. டீச்சர் அவனைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் மகளைக் கூட்டிக்கொண்டு மைதானத்து வேப்பமரத்தடிக்குப் போனேன். கோபப்படக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். "அவுக்கத்தான் உனக்குத் தெரியும்ல. அத்தா சொல்லிக் குடுத்தேன்ல."

"தெரியும்."

"பொறவு?"

"திரும்பக் கட்டத் தெரியாது."

"தெரியலைன்னா எப்படியாவது பையில போட்டு எடுத்துட்டு வர வேண்டியதுதானட்டி. அதுக்காக வெளிய நிப்பாங்களா?"

அவள் யோசித்தாள். நான் கேட்டதில் நியாயம் இருக்கிறதா என்று உண்மையாகவே யோசித்தாள். பிறகு சொன்னாள். "கட்டு அப்படியே இருந்தா நீங்க சிரிக்கீங்கள்ல."

மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் என் கையிலிருந்த நாடாவை வாங்கிச் சுருட்டி, சுருள் பிரியாமல் என் சட்டைப் பையில் வைத்தாள். ஒரு சாமானை அவள் அதன் இடத்தில் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல் இருந்தது.

டீச்சரிடம் கெஞ்சினேன். தப்பு என் பிள்ளையுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். அவர் நம்பினார். மேலே போய்ப் பேசவும் செய்தார். அரையாண்டு வரைக்கும் நேரம் உண்டு, அதற்குள் எழுதி முடிக்கட்டும் என்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நாடா இல்லை, நட்சத்திரம் இல்லை, கத்தலும் இல்லை. இரவல் நோட்டு வாங்கி வந்து சாயங்காலம் சாயங்காலம் அவளோடு உட்கார்ந்தோம். நான் வாசிக்க அவள் எழுதுவாள். கை வலித்தால் மனைவி பிடித்துவிடுவாள். ஒரு நோட்டை முடித்தால், முடித்த நோட்டையே வேனில் விட்டுவிட்டு வருவாள். வேன்காரரிடம் கேட்டால் அங்கே இல்லை. மறுபடி முதலிலிருந்து எழுதுவோம். தொலைத்த நாளில் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு செல்லாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வரவர என் முகத்தைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வயதான மனிதர் பாகப்பிரிவினைக் கட்டு ஒன்றைக் கேட்டு வந்தார். வழக்கம்போல உடனே எடுத்துக் கொடுத்தேன். "எப்படிங்க இம்புட்டுலயும் கரெக்டா எடுக்கீய?" என்று ஆச்சரியப்பட்டார். வேறு நாளாக இருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன். அன்றைக்குத் திரும்பி அலமாரிகளைப் பார்த்தேன். அந்த அறையில் நாடா கட்டிய கட்டுகள் தரையிலிருந்து கூரை வரைக்கும் இருந்தன, நானே கட்டியவை பாதிக்கு மேல். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் ஒன்றையும் படித்துப் பார்த்ததில்லை, அது என் வேலையும் இல்லை.

நோட்டுகள் முடியவில்லை. அரையாண்டு வந்தது, போனது. லீவுக்கு முந்தின நாள் டீச்சர் போன் செய்து, "என்னால முடிஞ்சதைச் சொன்னேன் சார்" என்றார். அவர் குரலே சொல்லிவிட்டது. லீவு முடிந்து திங்கட்கிழமையிலிருந்து இரண்டாம் வகுப்பில் உட்கார வேண்டும். வேறு பள்ளி பார்க்கலாமா என்று மனைவியும் நானும் பேசினோம். வருட நடுவில் யார் சேர்ப்பார்கள், சேர்த்தாலும் அங்கேயும் இதே பைதானே, இதே பிள்ளைதானே என்று பேச்சு அங்கேயே நின்றது. மகளிடம் மனைவிதான் சொன்னாள். அவள் அழவில்லை. "சரிம்மா" என்றாள். தம்பியும் அன்றைக்கு அவளிடம் எதற்கும் வம்புக்குப் போகவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை நல்ல பனி. மனைவி மகளின் தலையில் முத்தம் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பெனி வேனுக்குப் போய்விட்டாள். நான் ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாக ஆபீஸில் சொல்லியிருந்தேன். மகன் கிளம்பித் தயாராக வாசலில் நின்றான், பையை மாட்டி, பாட்டிலைக் குறுக்கே போட்டு. மகளை நான் எதற்கும் அவசரப்படுத்தவில்லை. பையை அவளே அடுக்கட்டும், எது விட்டுப்போனாலும் போகட்டும் என்று அடுப்படியில் நின்றுகொண்டேன்.

செத்த நேரத்தில் அவளே வந்தாள். இரண்டாம் வகுப்புப் புத்தகங்கள், நோட்டுகள், டைரி, பென்சில் டப்பா எல்லாவற்றையும் கையில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. பெரியது அடியில், சின்னது மேலே, ஓரங்கள் ஒட்டியிருந்தன. அதற்கு மேல் சிவப்பு நாடாச் சுருள் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. நான் அதை என் அலமாரி மேல்தட்டில் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

"கட்டிக் குடுங்க அத்தா" என்றாள்.

"வேண்டாம் தாயி. கட்டெல்லாம் வேண்டாம். சும்மா பையில போட்டுட்டுப் போ."

"கட்டிக் குடுங்க."

அடம் பிடிக்கிற பிள்ளை இல்லை அவள். இந்தச் சின்ன ஆசையையாவது செய்வோம் என்று தரையில் உட்கார்ந்தேன். நாடாவைச் சுற்றி, ரிப்பன் கட்டுகிற மாதிரி, ஒரு நுனியைத் தொட்டாலே கழன்றுவிடுகிற பூ முடிச்சாகப் போட்டுக் கொடுத்தேன். அவள் கட்டைக் கையில் வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். பூ முடிச்சு அவிழ்ந்து விழுந்தது. கட்டை மறுபடி என் மடியில் வைத்தாள்.

"இது இல்ல. ஆபீஸ் முடிச்சு."

"அது எதுக்குட்டி?"

வாசலில் நின்ற தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவனுக்குக் கேட்கக் கூடாது என்று குனிந்து என் காதோடு வாயை வைத்தாள். பல் துலக்கிய வாசனை வந்தது.

"கட்டிருந்தாத்தான் வெளிய நிக்கச் சொல்லுவாங்க அத்தா. உள்ள தம்பி பக்கத்துல உக்கார வேண்டாம்ல."

தெருமுனையில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. "அக்கா, வேன் வந்துருச்சு" என்று மகன் கூப்பிட்டான். என் மகள் நாடாவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, அது வழுக்காமல் இருப்பதற்காகக் கட்டின் நடுவில் தன் விரலை வைத்து அழுத்திக்கொண்டு, நான் முடிச்சுப் போடுவதற்காகக் காத்திருந்தாள்.